செல்லுக்கு ஒரு தமிழ்

“அப்பு, நாளைக்குப் போடியில மழ இருக்கா?” வாசலில் நின்று கைபேசியை உதட்டோரம் பிடித்து, பிள்ளையைக் கேட்பதுபோல அதைக் கேட்கிறார் ஒச்சம்மாள். பதில் வருவதற்குள் பொறுமை போய்விடுகிறது. “வெரசா சொல்லு, சோலி கெடக்கு.” ‘சோலி’யைக் ‘கோழி’யாகக் கேட்ட கைபேசி கோழிக்கடைகளைக் காட்டுகிறது.

ராசிங்காபுரத்துக்காரர். போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் காய்களைத் தரம் பிரிக்கிறார். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார் என்பதால் தேடுவதெல்லாம் வாயால்தான். ஆட்டுக்கு வயிறு உப்பினாலும், பஸ் வராவிட்டாலும் கைபேசியைத்தான் கேட்பார். சொன்னதை உடனே நம்பவும் மாட்டார். “ஒருத்தஞ் சொன்னா ஆச்சா? நாலு பக்கம் விசாரிக்கணும்ல” என்று கேள்வியை மாற்றி மாற்றிப் போடுவார்.

அவரிடம் இரண்டு தமிழ் உண்டு. ஊருக்கு ஒன்று, கைபேசிக்கு ஒன்று. “நாம பேசுறது செல்லுக்கு வெளங்காதுண்ணே. டிவியில செய்தி வாசிக்கிறவுக மாதிரி பேசுனாத்தேன் கேக்கும்” என்றார் என்னிடம்.

போன ஆடியில் ஒரு சாயங்காலம் அந்த இரண்டாம் தமிழ் தேவைப்பட்டது. கணவர் சின்ராசு மலையில் ஏலத்தோட்டத்துக்கு மருந்தடித்துவிட்டு ஜீப்பிலிருந்து இறங்கினார். சட்டை மருந்தில் நனைந்திருந்தது. வாயில் எச்சில் வடிய, கால் பின்ன, வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். “மருந்தடிச்ச ஆளுக்குக் கிறுகிறுன்னு வருது, என்ன செய்ய?” என்று கைபேசியிடம் பதறினார் ஒச்சம்மாள். மருந்துக்கடை விளம்பரம் ஓடியது. பக்கத்து வீட்டு மொக்கம்மாள் சொம்பு மோரோடு ஓடிவந்தார்.

ஒச்சம்மாள் மூச்சை இழுத்துவிட்டு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: “பூச்சிக்கொல்லி... உடம்பில்... பட்டால்... என்ன செய்ய வேண்டும்?”

கைபேசி வாசித்தது. உடைகளைக் களையுங்கள். சோப்பு போட்டுக் கழுவுங்கள். வாய்வழியாக எதுவும் கொடுக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

அன்று அவர் இன்னொரு தரம் கேட்கவில்லை. “மதினி, மோரு வேணாம். தண்ணியக் கொண்டா.” கிளம்பப்போன ஜீப்புக்காரரிடம், “வண்டியத் திருப்பி நிப்பாட்டுங்கண்ணே” என்றார். சட்டையைக் கிழித்தெறிந்து, தலையோடு குளிப்பாட்டி, கொடியில் கிடந்த தன் சேலையைச் சுற்றி ஜீப்பில் ஏற்றினார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட மருத்துவர், “கழுவிக் கொண்டாந்தது ரொம்ப நல்லதாப் போச்சும்மா. இல்லேன்னா இன்னும் உள்ள எறங்கியிருக்கும்” என்றாராம். சின்ராசு தெளிந்ததும் முதலில் கேட்டது, “எதுக்குடி எனக்குச் சேலையக் கட்டிவிட்ட?”

“அவுக அதக் கேட்டபெறகுதேன் எனக்கு அழுகையே வந்துச்சு” என்று சொல்லிச் சிரிக்கிறார் ஒச்சம்மாள்.

சின்ராசு இப்போது மருந்தடிக்கப் போவதில்லை. காய் மூட்டை லோடு ஏற்றுகிறார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஜீப் வந்து நின்றது; சின்ராசு இறங்கினார். ஒச்சம்மாள் பேச்சைப் பாதியில் விட்டு எழுந்துபோய், அவர் சட்டைக் காலரைப் பிடித்திழுத்து மோந்து பார்த்தார். சின்ராசு பழகியவர்போலத் தலையைக் குனிந்து கொடுத்தார். பிறகுதான் அவர் கையிலிருந்த தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டார் ஒச்சம்மாள்.