தாழையிலிருந்து நாற்பது கவடு

"தாழம்புதரிலிருந்து தெற்கே நாற்பது கவடு. மணல்மேடு இங்கேதான் மெல்லியது. வெட்ட வேண்டிய இடம்." என் கொப்பியில் மார்கழி மாதத்து வியாழக்கிழமை ஒன்றின் கீழ் இப்படி இருக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில் எழுதியது.

களுவாஞ்சிக்குடிக்குத் தெற்கே வாவி கடலைத் தொடும் வாயைக் கோடையில் அலை மணல் கொண்டுவந்து அடைத்துவிடும். மாரியில் வாவி நிரம்பியதும் ஊரார் மண்வெட்டியோடு போய் மேட்டை ஓரிடத்தில் வெட்டுவார்கள். சிறு வாய்க்காலாக வெட்டினால் போதும். மிச்சத்தைத் தண்ணீரே அறுத்துக்கொள்ளும். வாய் எங்கே திறந்தது என்று ஆண்டுதோறும் அந்தத் தாழையிலிருந்து காலை எட்டி வைத்துக் கவடு கவடாக அளந்து எழுதுவேன். ஊரில் எனக்குக் கொப்பிக்காரர் என்று பெயர்.

அதற்கு அடுத்த மாரியில், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் என் மனைவியின் தம்பி விதைத்திருந்த வயல்வட்டை முழுவதும் நீருக்குள் கிடந்தது. பயிர் மூழ்கி நாலு நாள். இன்னும் இரண்டு நாள் போனால் அழுகிவிடும். மறுபடி விதைக்க அவனிடம் விதைநெல் இல்லை. வாய்ப்பக்கம் போவதற்கு இராணுவ முகாமில் அனுமதி கேட்டதில் ஒரு பகல் கிடைத்தது. நாலு மணிவரை, ஓரிடத்தில் மட்டும்.

வெட்டப் போன ஊராரோடு, வாய்க்கு அருகே வாவியில் தினமும் வலை வீசுகிற மீனவர் ஒருவரும் வந்திருந்தார்.

"இந்த முறை மேடு வடக்காலதான் மெலிஞ்சு கிடக்கு. கச்சான் காத்து அடிச்ச நேரமே பாத்தனான்."

"கொப்பியில தெற்கு எண்டுதான் இருக்கு" என்றேன்.

"ஓம், கடலும் உங்கட கொப்பியப் பாத்துத்தானே கரைக்கு வருது!"

எல்லாரும் சிரித்தார்கள். மைத்துனன் சிரிக்கவில்லை. "நீங்க காட்டுங்க அத்தான். அங்கயே வெட்டுவம்."

நாற்பது கவடு எண்ணிக் கம்பு நட்டேன். வெட்ட வெட்ட மணல் சரிந்து விழுந்தது. மூன்றரை மணிக்குச் சாண் ஆழத்தில் தண்ணீர் ஓடத் தொடங்கி, நின்றுவிட்டது. நாலு மணிக்குக் காவலில் நின்றவர்கள் கூப்பிட்டார்கள். மைத்துனன் நிமிரவில்லை. "இன்னும் ரெண்டு முழம்தான் அத்தான், ரெண்டே ரெண்டு முழம்." கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தோம்.

திரும்பும்போது தாழைக்கு வடக்கே, இருபது கவடு தள்ளி, இன்னொரு தாழையின் கருகிய அடிக்கட்டைகளைக் கண்டேன். பார்வைக்கு மறைக்கிறது என்று அந்த ஆண்டு முகாமைச் சுற்றிப் பற்றைகளை எரித்திருந்தார்கள். நான் இத்தனை காலம் அளந்தது எதிலிருந்து? எரிந்ததிலிருந்தா, நிற்பதிலிருந்தா? எரிந்ததுதான் என் தாழை என்றால், நான் காட்டிய இடம் பிழை; சரியான இடம் என் கம்புக்கு இருபது கவடு வடக்கே, மீனவர் சொன்ன பக்கம்தான்.

மறுநாள் காலை வட்டையில் பயிரின் தலை தெரிந்தது. வாவி இறங்கிக்கொண்டிருந்தது.

பத்து நாள் எவரையும் அங்கே விடவில்லை. பிறகு போனபோது வாய் நூறு கவடுக்கு மேல் அகன்றிருந்தது. என் கம்பும் மீனவர் காட்டிய இடமும், நின்ற தாழையும் கருகிய கட்டைகளும் அதற்குள் போய்விட்டன.

"நான் சொன்ன இடம்தானே?" என்றார் மீனவர். ஓம் என்றேன். அறுவடையானதும் மைத்துனன் புதுநெல் கொண்டுவந்து வைத்து, "உங்கட கொப்பிதான் அத்தான்" என்றான். அவனுக்கும் ஓம் என்றேன்.

கொப்பியில் அந்த ஆண்டுக்கான வரி இது: "வாய் திறந்தது. முதலில் எவ்விடத்தில் என்பது உறுதிப்படுத்தப்படவில்லை."