மாமி காய்ச்சிய சூப்பு

என் மாமியாரை எனக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. செத்தவர்களைப் பற்றி நல்லதாகத்தான் எழுத வேண்டுமாம். அந்தப் பெருந்தன்மை என்னிடம் இல்லை.

இரண்டாம் உலக யுத்த காலம். கலியாணம் முடிந்த இரண்டாம் வருடம் என் கணவருக்கு நெருப்புக்காய்ச்சல் கண்டது. செய்தி கேட்ட அன்றே மாமி கோப்பாயிலிருந்து மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். வீடு என் சீதன வீடு. கிணறும் பசுவும் கோழிக்கூடும் எனக்குத் தந்தவை. ஆனாலும் மூன்றே நாளில் குசினி அடுப்பு அவருடையதாகிவிட்டது. அரிசியும் தேங்காயும் இருந்த அறையைப் பூட்டி, திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். மகனுக்கு ஊட்டுவதும் அவர்தான். நான் தண்ணீர் அள்ளலாம், விறகு கொத்தலாம், கதவோரம் நின்று பார்க்கலாம்.

காய்ச்சல் விட்டது, ஆள் எழும்பவில்லை. ஆஸ்பத்திரி அப்போதிக்கரி வந்து பார்த்தார். "கோழி சூப்பு குடுங்கோ, மெத்தெண்டு ஏதும் குடுங்கோ. உடம்பு தேற வேணும்" என்றார். மாமி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கஞ்சித்தண்ணீர்தான், காலையும் மாலையும். மூன்று வாய்க்கு மேல் என் கணவர் குடிக்கமாட்டார், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். மண்வெட்டி பிடித்த மனிதனை இரண்டு பேர் பிடித்து இருத்த வேண்டியிருந்தது. இந்த ஆள் என் கையைவிட்டுப் போய்விடுவார் என்று எனக்குப் பயம் பிடித்தது. பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சங்கக்கடையில் அரிசிக்குப் பதிலாகக் கூப்பனுக்குக் கோதுமை மா கொடுத்த நாட்கள் அவை. மாமி அதை மோந்து பார்த்தார். "உது பசை காய்ச்சத்தான் உதவும்" என்று வெளியே வைத்துவிட்டார். அதனால் மா மட்டும் திறப்புக்குத் தப்பியது.

நான் தெல்லிப்பழைப் பக்கம் ஒரு மிசன் விடுதியில் இருந்து படித்தவள். அங்கே காய்ச்சலில் கிடந்த பிள்ளைகளுக்கு வெள்ளைக்கார அம்மா ஒருவர் கோழியும் பாலும் சேர்த்து, மா உருண்டைகள் மிதக்க ஒரு சூப்பு காய்ச்சுவார். பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

மாமி தன் தோட்டத்தைப் பார்த்துவரப் போன ஒரு காலையில் ஒரு கோழியை உரிப்பித்தேன். மீன், இறைச்சி என்று மச்சம் காய்ச்சும் சட்டியை வெளி அடுப்பில் ஏற்றி, வெங்காயமும் மிளகும் போட்டு, இறைச்சி எலும்பை விட்டுக் கழலும்வரை அவித்தேன். இறைச்சியை நார்நாராகக் கிழித்துத் திரும்பப் போட்டேன். நெய்யில் ஒரு பிடி மாவை வறுத்துக் கரைத்து விட்டதும் சாறு தடித்தது. இன்னும் கொஞ்ச மாவில் உப்பும் அப்பச்சோடாவும் கலந்து, புளித்த மோர் விட்டு, பிசையாமல் அகப்பையால் கிளறி, கொதிக்கும் சாற்றில் கரண்டி கரண்டியாக இட்டு மூடினேன். இடையில் மூடியைத் திறந்தால் உருண்டை அமர்ந்துபோகும்.

கடைசியில் பால். தேங்காய் பூட்டிய அறைக்குள் இருந்தது. வெளியே இருந்தது பசுப்பால் மட்டும். மச்சத்தோடு பசுப்பால் சேர்ந்தால் வெண்குட்டம் வரும் என்று, மீன் தின்ற நாளில் எங்கள் வீடுகளில் பால் குடிக்கவும் விடமாட்டார்கள். விடுதியில் ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லையே என்று மனதைத் தேற்றி, நெருப்பைத் தணித்துவிட்டு ஊற்றினேன்.

கோப்பையில் வார்த்துக்கொண்டு திரும்பினால் மாமி படலையைத் திறந்துகொண்டு வருகிறார். சூப்பின் வெள்ளை நிறம் அவர் கண்ணில் பட்டது.

"எங்காலை வந்தது தேங்காய்?"

"விழுந்து கிடந்தது, மாமி."

விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "கொண்டா இஞ்சை" என்று கோப்பையைப் பறித்துக்கொண்டு உள்ளே போனார்.

நான் கதவோரம் நின்றேன். என் கணவர் ஒரு உருண்டை தின்றார், இன்னொன்றுக்கு வாயைத் திறந்தார். கோப்பை வெறுமையானது. பிறகு ஈனக்குரலில் கேட்டார்.

"நீங்கள் காய்ச்சினதோ, அம்மா?"

"ஓமடா தம்பி. வேறை ஆர் உனக்குச் செய்யிறது?"

உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பால் கதையும் வெளியே வரும், தின்றதைச் சத்தியெடுக்க வைத்தாலும் வைப்பார். வாயை மூடிக்கொண்டு சட்டியைத் தேய்த்தேன். தேய்த்த தேய்ப்பில் அடி ஓட்டையாகாதது அதிசயம்.

அடுத்த நாளும் அதுவே வேண்டும் என்றார் என் கணவர். மாமிக்குக் கொழுக்கட்டைதான் தெரியும். மாவுக்குச் சுடுநீர் விட்டு இறுகக் குழைத்து உருட்டினார். தேங்காய்ப்பாலை முதலிலேயே விட்டுக் கொதிக்கவைத்தார், அது திரைந்தது. நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்தார். நான் வலு சந்தோசத்தோடு விறகு தள்ளிக்கொண்டிருந்தேன். உருண்டையைக் கடித்த என் கணவர் கையில் துப்பினார். "உது நேற்றைய மாதிரி இல்லை" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டார். அன்றும் மறுநாளும் கஞ்சியும் இறங்கவில்லை. என் சந்தோசமும் போய்விட்டது.

மூன்றாம் நாள் மாமி குசினி வாசலில் வந்து நின்றார்.

"பிள்ளை, அண்டைக்கு அதுக்கை என்ன விட்டனி?"

"பசுப்பால்."

அவர் முகம் வெளிறியது. தான் ருசி பார்த்ததும், தன் கையால் ஊட்டியதும், தானே காய்ச்சினேன் என்று சொன்னதும் ஒன்றன்பின் ஒன்றாக அவருக்கு நினைவு வருவதை நான் நின்று பார்த்தேன்.

"அவருக்குச் சொல்லுவமோ, மாமி?"

மாமி தலைப்பு முடிச்சை அவிழ்த்துத் திறப்பை அம்மியின் மேல் வைத்தார்.

"விட்டுக் காய்ச்சு. ஆனால் நான்தான் கொண்டுபோய்க் குடுப்பன்."

நான் ஒத்துக்கொண்டேன். பத்து நாள் நான் காய்ச்சினேன், அவர் ஊட்டினார். என் கணவர் எழும்பி நடந்தார். மாமி கோப்பாய்க்குப் போனார். திறப்பு அதன்பிறகு என் இடுப்பைவிட்டு இறங்கவில்லை.

மாமி செத்து ஒரு வருடம் கழிந்திருக்கும். அந்தச் சூப்பை ஒருக்கால் காய்ச்சித் தா என்று என் கணவர் கேட்டார். அதே சட்டி, அதே மோர், அதே பால். வழித்துத் துடைத்துக் குடித்துவிட்டுக் கோப்பையை என்னிடம் நீட்டினார்.

"பரவாயில்லை. எண்டாலும் அம்மா காய்ச்சின மாதிரி உனக்கு வரேல்லை."