ஒரு சுற்றுக்கு ஆறு விநாடி

தங்கையின் மதிப்பெண் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடலாம் என்றுதான் நெல்லித்தோப்புக்குப் போனேன். அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். அவள் வீட்டுப் படியில் நான் கால் வைத்தது அன்றுதான். வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று அம்மாவிடம் போனில் கேட்டிருந்தாள். அப்பாவுக்குத் தெரியாமல் அம்மா அவற்றை என் பையில் வைத்து அனுப்பினாள்.

மாடியில் ஒரே அறை, ஒரு சமையலறை. காபி குடித்து முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சந்தில் முழங்காலளவு தண்ணீர். என் வண்டியின் சைலென்சர் மூழ்குவதை ஜன்னலில் நின்று பார்த்தேன். மறுநாளும் விடவில்லை. கரண்ட் இல்லை, ஊருக்குப் பஸ் இல்லை. இரண்டு வருஷமாக நான் பேசாத தங்கை, முகம் பார்த்துப் பேசியே இராத அவள் கணவர், நான். ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையே எட்டடி இருக்கும். அதையே நடந்து நடந்து அளந்துகொண்டிருந்தேன். ஈரத்துணி வாசனையில் மூச்சு முட்டியது.

அவள் யாரைக் காதலிக்கிறாள் என்று தெரிந்த அன்று, அவளை அறைக்குள் வைத்துப் பூட்டச் சொன்னவர் அப்பா. போனைப் பிடுங்கி, வெளியே தாழ்ப்பாள் போட்டவன் நான். மூன்று நாள். நாலாம் நாள் அம்மா திறந்துவிட்டாள்; தங்கை போய்விட்டாள்.

மழையின் இரண்டாம் நாள் மத்தியானம் அவள் கணவர் கட்டம் போட்ட தாள் ஒன்றைத் தரையில் விரித்தார். ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் புகுந்து, பகடை உருட்டி ஆடும் விளையாட்டு. வாராவாரம் நண்பர் ஒருவர் வந்து இவர்களோடு விளையாடுவாராம். அன்று மழையில் அவரால் வர முடியவில்லை.

"ஒரு ஆள் குறையுது மச்சான். சும்மா உக்காருங்களேன்" என்றார்.

வேறு போக்கிடம் இல்லாததால் உட்கார்ந்தேன். கதையைச் சொல்பவரும் எதிரிகளை நடத்துபவரும் அவர்தான். தங்கை, பூட்டுத் திறப்பதில் கெட்டிக்காரியான ஒரு திருடி. எனக்கு, வராத நண்பரின் வாள்வீரன். அவனுடைய பலமெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதியிருந்தது.

சண்டை என்றால் எல்லாரும் ஒன்றாகப் பாய முடியாது என்று விளக்கினார். முதலில் ஆளுக்கொரு தடவை இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் வந்தவருக்கு முதல் முறை. எதிரிக்கும் அதே விதி. தன் முறையில் ஒருவர் கொஞ்ச தூரம் நகரலாம், ஒரே ஒரு காரியம் செய்யலாம். வெட்டலாம், மந்திரம் போடலாம், இல்லை கூட இருப்பவருக்கு உதவலாம். ஒன்றைச் செய்தால் மற்றது கிடையாது. அடுத்தவர் முறையில் காத்திருக்க வேண்டியதுதான். எதிரி நம்மை விட்டு விலகி ஓடினால் மட்டும் சுற்றுக்கு ஒரு தடவை சட்டென்று ஒரு அடி கொடுக்கலாம். எல்லாரும் ஆடி முடித்தால் ஒரு சுற்று. கதையில் அது ஆறு விநாடி.

எங்கள் சண்டை ஒரு பாழுங்கிணற்றின் அடியில் நடந்தது. எட்டுக் கைகள் உள்ள ஒரு பிராணி எங்கள் இருவரையும் பிடித்துக்கொண்டது. பிடிபட்டவர் நகர முடியாது. தன் முறையின் அந்த ஒரு காரியத்தை விடுபடுவதற்கே செலவழித்துப் பகடை போட வேண்டும்; பெரிய எண் விழுந்தால்தான் விடுதலை. எனக்கு ஏழு விழுந்தது. அடுத்த சுற்றில் நான்கு. ஒரு பிளாஸ்டிக் பகடை மீது எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. தங்கைக்கும் இரண்டு தடவை தவறியது. வெளியே போகும் ஒரே வழியில் கல்கதவு இறங்கிக்கொண்டிருந்தது. இந்தச் சுற்று முடிந்தால் மூடிவிடும் என்றார்.

என் முறை, அவளுக்கு முன்னால் வந்தது.

"நான் அவளுக்கு உதவி செஞ்சா என்னாகும்?" என்று கேட்டேன்.

"அவ ரெண்டு பகடை போடுவா, பெருசை எடுத்துக்கலாம். ஆனா நீங்க அங்கயேதான் மாட்டியிருப்பீங்க."

"பரவால்ல. உதவி செய்றேன்."

தங்கை நிமிர்ந்து பார்க்கவில்லை. உருட்டினாள். மூன்று, பதினேழு. விடுபட்டு ஓடினாள், பின்னால் பிராணி வீசிய அடி தவறியது. கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். பிறகு பிராணியின் முறை. அடி விழ விழக் குறையும் என் உயிர்ப்புள்ளிகள் தீர்ந்தன. கதவு மூடிவிட்டதால் தூக்கிவிடவும் ஆளில்லை.

"செத்துட்டீங்க மச்சான்" என்றார். நண்பர் மூன்று மாதமாக வளர்த்த ஆளாம். அவருக்கு எப்படிச் சொல்வதென்று உண்மையாகவே கவலைப்பட்டார். நான் சிரித்துவிட்டேன். தங்கை சிரிக்கவில்லை. பகடைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

"அன்னைக்கும் கதவாண்ட நீதான இருந்த. இந்த மாதிரி வழி விட்டிருந்தா போதும்ண்ணா."

அப்பா சொன்னார் என்பது என் நாக்கு நுனி வரை வந்தது. அது பொய்யும் இல்லை. ஆனால் வாயில் வந்தது வேறு.

"தாப்பா போட்டது நான்தான்."

"தெரியும். சத்தம் கேட்டுச்சு. மூணு நாளும் நீ வெளிய உக்காந்துகினு இருந்ததும் கேட்டுச்சு."

அவள் கணவர் எழுந்து சமையலறைக்குள் போனார். மன்னிப்புக் கேட்க எனக்கு வெகுநேரம் ஆனது. கேட்டபோது அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அது சம்மதமா, இல்லை கேட்டுக்கொண்டேன் என்பதா, எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலை தண்ணீர் வடிந்தது. கிளம்பாத வண்டியை அவரும் நானும் மெக்கானிக் கடை வரை தள்ளிக்கொண்டு போனோம். எங்கே தங்கினேன் என்பதை அப்பாவிடம் மறைக்காமல் சொன்னேன். ஒரு வாரம் அவர் என்னோடு பேசவில்லை.

இப்போது ஞாயிறுகளில் நெல்லித்தோப்புக்குப் போகிறேன். விளையாட்டில் எனக்கென்று ஒரு ஆள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த நண்பர் தன் காகிதத்தை என் பக்கம் வைப்பதே இல்லை. தங்கை சில வாரம் கலகலவென்று பேசுவாள். சில வாரம் தன் முறை வந்தால் மட்டும்தான் வாய் திறப்பாள். ஊருக்கு அவள் இன்னும் வரவில்லை. வா என்று நானும் சொல்லவில்லை.