ரெய்னோ அடைத்த குழாய்

ரெய்னோ லாத்தினன் இரும்புச் சுரங்கத்து லாரிகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். அதன்பிறகு அவருக்கு மிஞ்சிய ஒரே பகையாளி, வீட்டுக்குள் நுழையும் குளிர்காற்று. அமெரிக்காவின் வடக்கு மினசோட்டாவில் அந்தப் பகை ஆறேழு மாதம் ஓயாது. மெழுகுவத்தியை ஏற்றி ஜன்னல் ஓரமாக நகர்த்திக்கொண்டே போவார். சுடர் ஆடிய இடமெல்லாம் பஞ்சும் டேப்பும் பிளாஸ்டிக் தாளும் ஏறிவிடும்.

"அப்படியே என் வாயையும் ஒட்டிடு. சூடெல்லாம் அது வழியாத்தான் போகுது" என்பார் மனைவி மார்லிஸ்.

"டேப்பு தீர்ந்துபோச்சு. வாங்கினதும் ஒட்டுறேன்."

எதிர்வீட்டு டொலோரஸ் பெட்ரிச் கணவனை இழந்தவர். பூனையோடு தனியாக இருந்தார். வீட்டைச் சூடாக்கும் கேஸ் செலவு தாங்கவில்லை என்று அவர் புலம்பியதும், ரெய்னோ அவருடைய ஜன்னல்களையும் ஒட்டிக் கொடுத்தார்.

நிறுத்திவைத்த கார்களின் டயர் ஒருபக்கம் தட்டையாக உறைந்துபோகும் ஜனவரி. நிலவறையில், கேஸை எரித்து வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்குப் பின்னால் ஒரு தடித்த குழாயைக் கண்டார் ரெய்னோ. வெளிச்சுவரிலிருந்து வந்த அது, பனிக்காற்றைக் குபுகுபுவென்று கொட்டிக்கொண்டிருந்தது.

"வீட்டச் சூடாக்கிட்டு, சுவத்துல ஓட்டை போட்டு வெச்சிருக்கான் பாரு, வீடு கட்டின முட்டாப்பய!"

இரண்டு பழைய கம்பளிச் சட்டைகளைத் திணித்து அடைத்தார். எதிர்வீடும் இதே அச்சில் கட்டியதுதான். மாலையில் அங்கேயும் போய் அடைத்தார். டொலோரஸ் சந்தோஷத்தில் வால்நட் ரொட்டி வெட்டிக் கொடுத்தார்.

மறுநாள் காலை, தோசைபோல ஊற்றும் பான்கேக் மாவைக் கலக்கிக்கொண்டிருந்த மார்லிஸ் சட்டென்று நின்றார்.

"ரெய்னோ... என் கையில இருக்கே, இதுக்கு என்ன பேரு?"

"கரண்டி" என்று சிரித்தார் ரெய்னோ. சிரித்து முடிப்பதற்குள் மார்லிஸ் அடுப்படியில் சரிந்து விழுந்தார்.

அவரைத் தூக்க எழுந்தபோது ரெய்னோவுக்குத் தன் கால்கள் தன்னுடையவையாகவே தெரியவில்லை. மார்லிஸுக்குப் பக்கவாதம் என்று நினைத்தார். அவசர எண்ணுக்குப் பேசிவிட்டு, கோட்டைப் போர்த்தி மனைவியை வாசலுக்கு இழுத்தார். உறைந்த காற்று முகத்தில் அறைந்ததும் மார்லிஸ் வாந்தியெடுத்துக் கண் திறந்தார். ரெய்னோவின் தலையும் தெளிந்தது. அது ஏன் என்று மட்டும் அவருக்குப் புரியவில்லை.

ஆம்புலன்ஸோடு வந்த தீயணைப்புக்காரன் கர்ட், கையில் ஒரு கருவியோடு உள்ளே போனான். போன வேகத்தில் ஓடிவந்தான்.

"வீடு பூரா விஷவாயு! ஃபர்னஸுக்குக் காத்து வர்ற குழாய யாருங்க அடைச்சது? அது மூச்சு விடுற வழிங்க! விஷவாயு வந்தா கத்துற எச்சரிக்கை மணி எங்க?"

"பேட்டரி தீர்ந்து கத்திக்கிட்டே இருந்துச்சு. கழட்டி வெச்சேன்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே ரெய்னோ எதிர்வீட்டைப் பார்த்தார். கை நீட்டிக் காட்டினார்.

"டொலோரஸ்... அங்கயும் நான்தான்..."

கதவை உடைத்தார்கள். ரெய்னோ காலுறையோடு பனியில் நின்றார். யாரோ காருக்குள் தள்ளப் பார்த்தும் அவர் அசையவில்லை. டொலோரஸைத் தூக்கிவந்தபோது "உயிர் இருக்கு!" என்று ஒரு குரல் கேட்டது. பின்னாலேயே கர்ட் துண்டில் சுற்றி எதையோ ஏந்தி வந்தான். துண்டுக்கு வெளியே ஒரு வால் தொங்கியது.

மார்லிஸ் இரண்டே நாளில் வீடு திரும்பினார். டொலோரஸ் வர வாரக்கணக்கானது. வந்தபிறகும் விரல்கள் நடுங்கின. ரெய்னோ அந்த வீட்டுப் பக்கமே பார்க்கவில்லை. கடைசியில் மார்லிஸ்தான் கையைப் பிடித்து இழுத்துப்போனார்.

"உள்ள வா ரெய்னோ. நான் புலம்பினதாலதானே செஞ்ச" என்றார் டொலோரஸ்.

"பூனை..."

"ஆமா. அது செத்ததுக்கு எனக்கு உன்மேல இன்னும் கோவம்தான். அது போகாது. காபி குடிக்கிறியா?"

ரெய்னோ தலையாட்டினார். அவர், டொலோரஸ் இருவரின் கோப்பைகளும் தட்டில் கடகடவென்று ஆடின. மார்லிஸ் ஒருவர்தான் பேசிக்கொண்டிருந்தார்.