யூஜினா குழைத்த நிறம்

வேறு நிறம் வேண்டும் என்று வரும் முகத்திடம் பொய் சொல்லாமல் ஒரு கிரீமை விற்க முடியுமா? இலங்கைத் தேயிலை மலையிலுள்ள ஹட்டன் கடைத்தெருவில், அழகுசாதனக் கடையின் கண்ணாடி மேசைக்குப் பின்னால் நிற்கும் யூஜினா, வந்தவரின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்புகிறார். "மலைக்குப் போற ஆளா? எத்தன மணி வரைக்கும் கொழுந்து எடுக்குறீங்க?" பதில் வரும்வரை எந்தப் போத்தலையும் தொடமாட்டார்.

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயம் ஒன்றில் பிறந்தவர். போத்தலில் இருக்கும் மருந்துப் பெயர்களையெல்லாம் தோட்டத்து ஆட்களாக்கிவிடுவார். நயாசினமைட் "சண்டைக்குப் போகாத ஆளு". கரும்புள்ளியை மெல்ல மங்கச் செய்யும், எண்ணெய் வழிவதையும் அடக்கும். சாலிசிலிக் அமிலம் "கான் வெட்டுறவன்". வடிகால் வெட்டுகிறவனைப் போல, தோலின் அடைத்த துவாரங்களைத் திறந்துவிடும். செரமைட் மட்டும் ஆள் இல்லை, "செவுத்துச் சாந்து". தோலின் விரிசலை அடைக்கும். ரெட்டினோலோ, "பெக்டரி நைட் சிஃப்ட் ஆளு. பகல்ல கூப்புட்டீங்க, வேலையக் கெடுத்துப்புடுவான்."

அவரைப் புகழ நான் அவசரப்படவில்லை. வியாபாரம் படுத்த மாதங்களில் தேவையில்லாத சீரத்தையும் சிரித்துக்கொண்டே தலையில் கட்டுவார்.

ஒருநாள், கடைக்கு வழக்கமாக வரும் நாகலெட்சுமி வந்து தலைத்துணியை விலக்கினாள். அவள் கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்தது. பருத் தழும்புக்கென்று யூஜினா கொடுத்திருந்த ரெட்டினோலைக் காலையில் பூசிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போயிருக்கிறாள். கன்னம் சிவந்து உரிந்திருந்தது.

"ராத்திரிதானடி பூசச் சொன்னேன்?"

"ராத்திரி பூசுனா கம்பிளியில ஒட்டி வீணாப் போயிருமேக்கா. மலையில வெயிலும் இல்ல, வெறும் மூட்டந்தான்."

"மூட்டத்துக்குள்ளயும் வெயில் வரும். ஒனக்குத்தான் குளுருது. தோலுக்குச் சுடுது."

"வெள்ளையாக்குற கிரீம் இருந்தாக் குடுங்கக்கா. அவரு நல்ல செவப்பு. ஒண்ணா நிக்க வச்சா அடுப்புக்கரியும் பால்சட்டியுமா இருக்கும்னு அவுங்க வீட்டுல சிரிக்கிறாங்க."

"அடுப்பு இல்லாம எந்தப் பால் காஞ்சுச்சாம்?"

லெட்சுமி சிரிக்கவில்லை. கண் நிறைந்திருந்தது. யூஜினா செரமைட் கிரீமையும் சன்ஸ்கிரீனையும் மட்டும் எடுத்து வைத்தார். "மத்ததெல்லாம் நிப்பாட்டு. இதப் பூசுனா வெள்ளையாக மாட்ட. ஒன் தோலு ஒனக்குத் திரும்ப வரும்."

வந்தது. கல்யாணத்தன்று அலங்காரத்துக்கும் அவரையே கூப்பிட்டார்கள். நானும் போயிருந்தேன். இரண்டு பவுண்டேஷன்களைக் கலந்து, லெட்சுமியின் கறுப்புக்கு இம்மியும் பிசகாமல் குழைத்துப் பூசியிருந்தார்.

சடங்கு தொடங்குமுன் படம் எடுக்க இருவரையும் மேடையில் நிறுத்தினார்கள். மாப்பிள்ளை வீட்டார் பக்கம் ஒரு சிரிப்புச் சத்தம் எழுந்தது. லெட்சுமி தலையைக் குனிந்தாள். யூஜினா மேடை ஏறினார். பெண்ணுக்கு இன்னும் கொஞ்சம் வெள்ளை பூசப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் அவளைக் கடந்து போனார். ஸ்பொஞ்சில் மீந்திருந்த, அவளுக்குக் குழைத்த அதே நிறத்தோடு மாப்பிள்ளை முன்னால் நின்று, "தம்பி, கொஞ்சம் குனிங்க" என்றார்.

ஏன் அப்படிச் செய்தார் என்று பிறகு பலரும் கேட்டார்கள். அவர் சொன்னதில்லை. மாப்பிள்ளை கேட்கவேயில்லை, கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தைக் காட்டினான்.