கைப்பிடிக்கு இரண்டு மூட்டை எலுமிச்சம்பழம்

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஐப்பசி மாதம். திருநெல்வேலி ஜங்ஷனில், ஊரே வந்து போகிற ரோட்டில், என் மானம் கப்பலேற இருந்தது. அது எப்படித் தப்பியது என்று நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். கூடவே கொஞ்சம் வெட்கமும் வரும்.

அப்போது எனக்கு முப்பது வயது. பாளையங்கோட்டைப் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருந்தேன். இரும்பு கேட், ஜன்னல் கிராதி, மாடித் தொட்டிக்கு ஏணி, இவைதான் பிழைப்பு. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். ஜங்ஷனில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஓர் அண்ணாச்சி, மூன்று மாடியில் புதுக்கடை கட்டிக்கொண்டிருந்தார். வாசலிலிருந்து மாடிக்கு ஏறும் படிக்கட்டுக்கும் வராண்டாக்களுக்கும் எவர்சில்வர் குழாயும் கண்ணாடியுமாகக் கைப்பிடி வைக்க வேண்டுமென்று அவருக்கு ஆசை. சென்னையில் எங்கோ பார்த்து மயங்கி வந்திருந்தார். சென்னை ஆட்களையே கூப்பிடலாம் என்றார்கள் அவர் மகன்கள். நான் விடுவேனா? “நம்ம ஊர்ல கையில்லையா அண்ணாச்சி? நான் செஞ்சு தாரேன்” என்று மார்தட்டி வேலையை வாங்கிவிட்டேன்.

குழாய் மதுரையிலிருந்து வந்தது. கண்ணாடி சென்னையிலிருந்து லாரியில், வைக்கோல் பொதிந்து வந்தது. ஒன்றரை மாதம் நானும் என் ஆட்கள் மூன்று பேரும் ராப்பகலாக உழைத்தோம். வேலை முடிந்த அன்று, வெயிலில் அந்தக் கைப்பிடி மின்னியதைப் பார்த்து ரோட்டில் போகிற சைக்கிள்கள் நின்றன. எனக்குத் தலைகால் புரியவில்லை. யாராவது பக்கத்தில் வந்தாலே சீறி விழுந்தேன்.

அந்தக் கட்டடத்தில் ஒரு சித்தாள் வேலை பார்த்தார். என் வயதுதான் இருக்கும். புளியங்குடிப் பக்கத்துக்காரர். ஒருநாள் படியைக் கூட்டும்போது தடுமாறிக் கைப்பிடியைப் பிடித்துவிட்டார். “ஏம்மா, சிமெண்டுக் கையால தொடாத! பளபளப்பு போயிரும்” என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம் மழை பிடித்தது. நாலு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் காலையில் அண்ணாச்சி ஆள் அனுப்பினார். ஓடிப் போய்ப் பார்த்தேன். குழாய் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் புள்ளி புள்ளியாய்த் துரு! துருத் தண்ணீர் கண்ணாடியில் கோடு கோடாய் வழிந்து கிடந்தது. புதுக்கடைத் திறப்பு விழாவுக்கு ஐந்தே நாள். அழைப்பிதழ் ஊரெல்லாம் போயாகிவிட்டது.

“என்னவே, எவர்சில்வர்னு சொன்னீரு. எவர்சில்வர் துருப்பிடிக்குமாவே?” என்றார் அண்ணாச்சி. கையில் ஒரு காந்தத் துண்டு வைத்திருந்தார். எங்கள் ஊரில் பாத்திரக்கடைக்குப் போகிறவர்களே காந்தத்தோடுதான் போவார்கள். ஒட்டினால் போலி, ஒட்டாவிட்டால் அசல். அவர் குழாயில் வைத்தார். ஒட்டவில்லை. இன்னொரு இடத்தில் வைத்தார். அங்கேயும் ஒட்டவில்லை.

“காந்தத்தையே ஏமாத்துற மாதிரி என்னத்தையோ கலந்திருக்கான். மதுரைக்காரன இப்பவே போன்ல பிடிக்கேன். அவன் கடை மானத்த வாங்காம விடமாட்டேன்” என்று திரும்பினார்.

அப்போதுதான் அவர் கையிலிருந்த காந்தத்தைப் பார்த்தேன். அதன் முனையில் மீசை மாதிரி கறுப்புத் தூள் ஒட்டியிருந்தது. எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. அது இரும்புத் தூள். குழாயில் இருந்ததல்ல, என் பட்டறையிலிருந்து வந்தது. அதே மாதத்தில் வள்ளியூரில் ஒரு வீட்டுக்கு இரும்பு கேட் செய்துகொண்டிருந்தேன். கேட்டைத் தேய்த்த அதே சாணைக்கல், அதே கம்பி பிரஷ், அவற்றாலேயே எவர்சில்வரையும் தேய்த்திருக்கிறேன். இரும்புப் பொடி குழாயில் அப்பிக்கொண்டு மழையில் துருவாகியிருக்கிறது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி மதுரைக்காரர் தலையில் விழுந்திருக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டு நிமிஷம் மூடிக்கொண்டுதான் நின்றேன். அண்ணாச்சி போனைக் கையில் எடுத்ததும் மனசு கேட்கவில்லை. “அண்ணாச்சி, குழாய் நல்ல குழாய்தான். தப்பு என்னுது” என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அண்ணாச்சி போனை வைத்தார். “மூணு நாள் தாரேன். பளிச்சுன்னு நிக்கணும். இல்லேன்னா அவ்வளவையும் கழத்திப் போட்டுட்டு, சவுக்குக் கம்பக் கட்டிக் கடையத் திறப்பேன். எவன் செஞ்சான்னு கேக்கிறவங்களுக்கெல்லாம் ஒம்ம பேரச் சொல்லுவேன்.”

மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தோம். சோப்பு போட்டோம். உப்புத்தாள் தேய்த்துக் கீறல் விழுந்ததுதான் மிச்சம். சாயங்காலம் சுத்தமாகத் தெரிந்தது, விடிந்து பார்த்தால் துரு மறுபடி சிரித்தது. ஒரு நாள் போய்விட்டது. படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அந்தச் சித்தாள் பைய வந்து தள்ளி நின்றார்.

“நான் ஒண்ணு சொன்னா ஏசப்பிடாது மேஸ்திரி. அந்தா, கடைசிப் படிகிட்ட ஒரு முழத்துக்குத் துருவே இல்ல, பாத்தியளா?”

போய்ப் பார்த்தேன். உண்மைதான்! சுற்றிலும் துரு, அந்த ஒரு முழம் மட்டும் கண்ணாடியாய் மின்னியது.

“வெள்ளிக்கிழமை பூசையில எலுமிச்சம்பழத்த அறுத்துக் குங்குமம் தடவி வச்சிருந்தாவல்லா? அந்தக் குங்குமம் அங்கன அப்பிட்டு. நீங்க பாத்தா ஏசுவியன்னு பயந்து, அந்தப் பழத்தையே வச்சுத் தேய்ச்சுக் கழுவி விட்டேன். அதான் மேஸ்திரி.”

எனக்குப் பயந்து அவர் செய்த காரியம்தான் எனக்கு வழி காட்டியிருக்கிறது! உடனே பஸ் ஏறினேன். புளியங்குடி எலுமிச்சை மண்டியில் அடிபட்ட பழமாக இரண்டு மூட்டை கேட்டேன்.

“ஊறுகாய் போடவா, கோயில் கொடைக்கா?” என்றார் மண்டிக்காரர்.

“கைப்பிடிக்கு” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மூட்டையைக் கட்டினார்.

அடுத்த ஒன்றரை நாள் அந்தக் கட்டடத்தில் அந்தச் சித்தாள் சொல்ல நான் செய்தேன். கம்பி நாரை எடுத்த என் ஆளை அவரே தடுத்தார். “பாத்திரம் தேய்க்கிறவளுக்குத் தெரியாதா? எவர்சில்வர்ல இரும்பு நாரு பட்டா கறை விட்டுரும். தேங்கா நாரு போதும்” என்றார். அந்த ஒரு வரியை ஒன்றரை மாதம் முன்னால் கேட்டிருக்கக் கூடாதா! அறுத்த பழத்தைத் தேய்த்து, சாறு ஊறவிட்டு, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினோம். விரல் வெடிப்பெல்லாம் திகுதிகுவென்று எரிந்தது. நாலாம் நாள் விடியற்காலம் ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரு புள்ளி இல்லை! சின்னப்பிள்ளை மாதிரி படியில் மேலும் கீழும் ஓடினேன்.

திறப்பு விழா அன்று மழை கொட்டித் தீர்த்தது. வந்த கூட்டமெல்லாம் நனையாமல் இருக்கக் கீழ் வராண்டாவில் ஏறி, கைப்பிடியைப் பிடித்தபடி நெருக்கி நின்றது. ஒரு கம்பி அசையவில்லை. அண்ணாச்சி தோளிலிருந்த வெள்ளைத் துண்டை எடுத்தார். ஈரக் குழாயில் அழுத்தி, மேலிருந்து கீழே வரை ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டு இறங்கினார். துண்டை விரித்துக் கூட்டத்துக்குக் காட்டினார். வெள்ளை வெளேர்!

“பாத்துக்கிடுங்க! மெட்ராஸ்காரன் செய்யல, நம்ம ஊர்க்காரன் செஞ்சது!” என்று அவர் கத்தியதும் கைதட்டல் ரோடு வரை கேட்டது. தாம்பூலத் தட்டிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து, மரியாதையாக என் கையில் கொடுத்தார். மூன்று நாளாய் எலுமிச்சை நாற்றத்தில் ஊறிக் கிடந்த என் ஆட்கள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்கள்.

கூட்டத்துக்குப் பின்னால் துடைப்பத்தோடு நின்ற அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, பழத்தை அவர் கையில் வைத்தேன். நடந்ததை அண்ணாச்சியிடம் சொன்னேன். “அப்ப மாடிக்கு மொதல்ல நீ ஏறும்மா. கைப்பிடியப் பிடிச்சுக்கோ, படி வழுக்கும்” என்றார் அவர்.

அந்தப் பெண் படியருகே வந்து நின்றார். கையை நீட்டினார், பாதியில் நிறுத்தினார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“கை ஈரமா இருக்கு மேஸ்திரி. தொடலாமா?”

“நல்லா அழுத்திப் பிடிம்மா” என்றேன். கீழ்ப்படியிலிருந்து மூன்றாம் மாடி வரைக்கும் அவர் கையை எடுக்காமலே ஏறிப் போனார்.

அதற்கப்புறம் நாகர்கோவில் வரைக்கும் எத்தனையோ கட்டடங்களுக்குக் கைப்பிடி வைத்துவிட்டேன். எவர்சில்வருக்கென்று தனி பிரஷ், தனி சாணைக்கல் என் பட்டறையில் உண்டு. ஆனால், கைப்பிடியைத் தொடுகிற எந்தச் சித்தாளையும் பார்த்து “தொடாதே” என்று சொல்ல, இன்றுவரை எனக்கு வாய் வந்ததில்லை.