முதல் படத்தில் இருந்த முடி

என் அக்கா வீட்டுக்காரர் சலூன் வைத்திருக்கிறார். ஊர்ப்பட்ட தலைகள் அவர் கையில். அவர் தலை மட்டும் யார் கையிலும் சிக்காது. காலையில் அறையைவிட்டு வரும்போதே படிய வாரியிருக்கும். காற்றடித்தால் முடி கலையாத பக்கமாகத் திரும்பி நின்று பேசுவார். முகத்துக்கு நேராக அவரை மாமா என்பேன், முதுகுக்குப் பின்னால் 'சீப்பு' என்பேன். அது அவருக்கும் தெரியும்.

நான் வேலை பார்ப்பது தோல் டாக்டரம்மா ஒருவரின் கிளினிக்கில். வருகிறவர்களுக்கு ரத்தம் எடுப்பதும், அதை மெஷினில் வைத்துச் சுற்றுவதும் என் வேலை. எதிரெதிரே ஒரே எடையில் டியூப் வைக்காவிட்டால் மெஷின் சாமி வந்த மாதிரி ஆடும். சுற்றி முடிந்ததும் சிவப்பு அடியில் தங்கிவிடும், மேலே மஞ்சளாகத் தெளிந்த நீர் நிற்கும். அதுதான் பிளாஸ்மா. காயம் ஆற்றுகிற அணுக்கள் செறிந்திருக்கும் பாகத்தை உறிஞ்சி எடுத்து, அதே ஆளின் தழும்பிலோ முடி கொட்டும் இடத்திலோ டாக்டரம்மா மெல்லிய ஊசியால் ஏற்றுவார். சிலருக்குப் பலன் தெரியும், சிலருக்குத் தெரியாது. ஏன் அப்படி என்று கேட்டால் அவரே கையை விரிப்பார். இத்தனை காலமாகியும் மெஷின் மூடியைத் திறக்கும்போது எனக்கு ஆவல் அடங்கவில்லை. ஒவ்வொருவர் மஞ்சளும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்.

மாமாவைக் கிளினிக் படியேற வைத்தது அவர் தலை அல்ல, மகள் தலை. குட்டிக்குக் காதுக்கு மேலே புழுவெட்டு விழுந்தது. காசு அளவில் ஆரம்பித்து உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டது. பெயர்தான் புழுவெட்டு, புழுவும் கிடையாது பூச்சியும் கிடையாது. உடம்பே தன் முடிவேரை எதிரி என்று நினைத்து விரட்டுகிறதாம். களிம்பு கொடுத்தும் கேட்கவில்லை. தானாகவும் முளைக்கலாம், பிளாஸ்மாவும் போட்டுப் பார்க்கலாம், உறுதி சொல்ல மாட்டேன் என்றார் டாக்டரம்மா.

குட்டி பள்ளி வாலிபால் குழுவில் இருந்தவள். எகிறி அடிக்கும்போது முடி பறந்து அந்த இடம் தெரிந்துவிடும் என்று ஆட்டத்தையே விட்டுவிட்டாள். பந்து கட்டிலுக்கு அடியில் கிடந்தது. பிறந்ததிலிருந்து அவளுக்கு முடி வெட்டிய அப்பாவைக்கூடத் தலையைத் தொட விடவில்லை. அக்கா என்னிடம் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"தலையில ஊசியா? என்னால முடியாது சித்தி" என்றாள் குட்டி.

மாமா தொண்டையைச் செருமினார். "எனக்கும் உச்சியில கொஞ்சம் கொட்டுது. முதல்ல நான் போட்டுக்கறேன். நீ பாரு."

அக்கா வாயைப் பிளந்தாள். உச்சியில் கொட்டுவதை அவர் வாயால் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை.

"சரி. ஊசிக்கு முன்னாடி ஒரு படம், எல்லாம் முடிஞ்ச பிறகு ஒரு படம். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றாள் குட்டி.

குறித்த நாளில் மாமா சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை போல வந்து இறங்கினார். வரவேற்பில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் அவர் தலையைப் படம் எடுத்தாள். நான் உள்ளே டியூப்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்தேன். பிறகு தலையைக் கழுவிவிட்டேன். தண்ணீர் கறுப்பாக ஓடியது. சாயம் போலிருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டேன்.

மெஷின் சுற்றி முடியும்வரை அவர் வாய் ஓயவில்லை. "என் ரத்தத்தை எடுத்து எனக்கே குத்தறதுக்கு ஒரு டாக்டரு, அதுக்கு நீ ஒரு ஆளு?"

"தன் ரத்தமே தனக்கு உதவி மாமா. பேசாம படுங்க."

டியூபை வெளியே எடுத்துக் காட்டியதும் அடங்கிவிட்டார். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவு நாளா இது எனக்குள்ளயா இருந்துது?" என்றார். மரத்துப்போக மருந்து போட்டும், ஊசி இறங்க இறங்கக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. குட்டியிடம் போய், "எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்றார். புளுகு மூட்டை.

மாதம் ஒன்றாக மூன்று முறை போட்டு, காத்திருக்கச் சொன்ன நாளும் கடந்து, படம் பார்க்கும் நாள் வந்தது. குட்டி துணியால் தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்த முறை கழுவித் துடைத்த தலையை டாக்டரம்மாவே படம் எடுத்தார். இரண்டையும் திரையில் ஒன்றாகப் போட்டார்.

முதல் படத்தில் கருகருவென்று காடு. இரண்டாவதில் வெட்டவெளி.

"நான் பார்த்த தலை இது இல்லையே" என்று டாக்டரம்மா முதல் படத்துக்கு அருகே குனிந்தார். குட்டி எழுந்துவிட்டாள். "இருக்கறதும் போயிடும்னு இப்பத் தெரிஞ்சுது. நான் வர மாட்டேன். யாரும் இனிமே என்னைக் கேக்காதீங்க."

மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தக் கறுப்புத் தண்ணீர் ஞாபகம் வந்தது. படத்தைப் பெரிதாக்கினேன். சட்டைக் காலரில் மிளகுத்தூள் சிந்திய மாதிரி கறுப்புப் புள்ளிகள். சலூனில் மாப்பிள்ளைகளுக்கு வழுக்கையில் தூவி விடுவாரே, முடி மாதிரியே ஒட்டிக்கொள்ளும் பொடி, அதேதான்.

"மாமா, அன்னைக்குப் பொடி போட்டுக்கிட்டா வந்தீங்க?"

அவர் தலையை ஆட்டினார். ஆம் என்றுதான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வைத்தியம் பார்க்க வர்ற இடத்துக்கு யாராவது வேஷம் போட்டுக்கிட்டு வருவாங்களா?"

"படம் எடுக்கறாங்கன்னதும் கை சும்மா இருக்கலம்மா" என்றார். "கடையில எத்தனை மாப்பிள்ளைங்களுக்குப் பண்ணியிருக்கேன். என் தலைன்னு வரும்போது அப்படியே விட மனசு வரல."

டாக்டரம்மா லென்ஸ் வைத்து அவர் உச்சியைப் பார்த்தார். மெல்லிய முடிகள் சில தெரிகின்றனவாம். ஆனால் முன்பும் இருந்தனவா, புதிதாக வந்தவையா? உண்மையான முதல் படம் இல்லாமல் அவரால் எதுவும் சொல்ல முடியவில்லை. அத்தனை ஊசியும் குத்திக்கொண்டு, மகளுக்குக் காட்ட வேண்டிய ஒன்றே ஒன்றை மனுஷன் பொடி தூவிக் கெடுத்துவிட்டார்.

கதவருகே நின்ற குட்டி திரும்பி வந்தாள். அப்பாவின் ஈரத் தலையை, மண்டை தெரியும் அந்த உச்சியை, வெகுநேரம் பார்த்தாள். அவள் அதை நேருக்கு நேர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"டாக்டர்கிட்டயேவாப்பா மறைச்சீங்க?" என்றாள். குரலில் கோபம் இல்லை. "நம்ம வீட்டுல நான் ஒருத்திதான் மறைக்கறேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

அன்று சாயங்காலம் சலூனில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னாள். நாற்காலியில் உட்கார்ந்து தலைத்துணியை அவிழ்த்தாள். "சுத்தி இருக்கறதைக் குறைச்சு விடுங்கப்பா. படத்துல அந்த இடம் நல்லாத் தெரியணும். நாளைக்கு ஊசி போட்டுக்கறேன்."

மாமா அந்த இடத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. கத்தரியை ஒருமுறை கீழே வைத்துவிட்டுத்தான் மறுபடி எடுத்தார். வெட்டி முடித்துத் தோளைத் துடைத்துவிட்டார். நான் படம் எடுக்கப் போனைத் தூக்கினேன். உடனே அவர் கை தானாகச் சீப்பை எடுத்து, மேலிருந்த முடியை அந்த வெற்றிடத்தின் மேல் அழகாக இழுத்து வாரியது.

குட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்ப்பா. அப்படியே இருக்கட்டும்."

அவர் சீப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு விரல் நுனியால் அந்த முடியை மெதுவாக விலக்கி, நான் படம் எடுத்து முடிக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.